குளிசைக்கு முன்னால் கேட்ட கேள்விகள்

களுவாஞ்சிகுடியிலிருந்து:

மகனுக்கு 8 வயது. ஏடிஎச்டி (கவனம் நிற்காமல், ஓரிடத்தில் இருக்க முடியாமல் துறுதுறுக்கிற நிலை) என்றதும் குளிசைத் துண்டு எழுதித் தந்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் முதலில் கேட்டது, "உங்கட குடும்பத்திலயோ அவர்ர குடும்பத்திலயோ சின்ன வயதில் திடீரென்று மாரடைத்துச் செத்த ஆக்கள் இருக்காங்களா?" எனக்குத் திக்கென்றது. அப்புறம் நாடி, பிரஷர், உயரம், நிறை. அடிக்கடி கண்ணைச் சிமிட்டுவானா, எத்தனை மணிக்கு நித்திரை, பள்ளிக்கூடம் எப்போது விடும், ரியூஷன் எத்தனை மணிக்கு? ரியூஷனுக்கும் குளிசைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது விளங்கவில்லை.

கடைசியில் தந்த குளிசை மெதில்பெனிடேட், காலையில் 5 மில்லிகிராம். 3, 4 மணித்தியாலம்தான் வேலை செய்கிற வகை. ஏழு மணிக்குக் கொடுத்தால் இன்டர்வெல் வரை பிள்ளை கதிரையில் இருக்கிறான், பிறகு பழைய ஆள்தான் என்று டீச்சர் கொப்பியில் எழுதி விட்டிருந்தார். என் பேச்சைவிட அந்தக் கொப்பியைத்தான் டொக்டர் கவனமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, இன்டர்வெலுக்கும் ஒன்று சேர்த்தார். பின்னேரமும் ஒன்று கொடுத்தால் ரியூஷனில் இருப்பான், ஆனால் இரவு நித்திரை கெடும் என்றார். ரியூஷனை நிற்பாட்டினோம்.

சாப்பாடுதான் பெரும்பாடு. சோத்துப் பெட்டி கட்டின மாதிரியே திரும்பி வரும், பொரித்த மீனில் ஒரு கிள்ளுக்கூட இல்லாமல். மூன்று மாதத்தில் ஒரு கிலோ இறங்கிவிட்டான். இப்போது பிட்டும் முட்டையும் உள்ளே போன பிறகுதான் குளிசை. பொழுதுபட்டால் தானாகப் பசித்து வருகிறான், அப்போது வயிறு நிறையக் கொடுக்கிறேன். "பிள்ளைக்குப் போதைக் குளிசை குடுக்கிறாள்" என்று மாமி ஊரெல்லாம் சொன்னது தனிக்கதை.

கல்முனையிலிருந்து:

அக்கா, எங்கட மகளுக்குத் தோளைக் குலுக்கிற பழக்கமும் இருக்கு, பயந்த பிள்ளையும்கூட. அதனால் டொக்டர் அட்டோமொக்செட்டின் என்ற வேறு மருந்தில் தொடங்கினார், நிறைக்குக் கணக்குப் பார்த்து. உங்கட மகனுடையது கொடுத்த அன்றே தெரியும். இதற்கு 4 முதல் 6 கிழமை பொறுக்க வேண்டும். இரண்டாம் கிழமை வயிற்றுப் பிரட்டல் மட்டும்தான் மிச்சம், நிற்பாட்டுவோமா என்று இவர் கேட்டார். ஐந்தாம் கிழமை ஒருநாள் சொல்லாமலே புத்தகப் பையை அடுக்கிக்கொண்டு இருந்தாள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

தங்கச்சி, அது நித்திரையைக் குழப்பாதா?

கல்முனையிலிருந்து:

இவளுக்கு எதிர்மாறு அக்கா. காலையில் கொடுத்தபோது வகுப்பில் தூங்கி விழுந்தாள். இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர்.