620 ஜிபி கச்சேரிப் பதிவுகள்: ஐபாட் கிளாசிக்கா, சோனியா, ஹைபியா?

திருவையாற்று ரசிகன்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 1980களில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள், சனிக்கிழமை இரவுகளில் வானொலியில் ஒலிபரப்பான கச்சேரிகளையும் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களில் நடந்த நாகசுரக் கச்சேரிகளையும் டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார். அவர் விட்டுச்சென்ற 220 சி-90 (90 நிமிட) கேசட்டுகளையும், பணி ஓய்வுக்குப் பிறகு கிடைத்த மாலை நேரங்களில் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினியில் ஏற்றி முடித்துவிட்டேன். பின்னாளில் வருந்த வேண்டாம் என்று 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளாகச் சேமித்ததில், அவை மட்டுமே 400 ஜிபியை எட்டிவிட்டன. சிடிகளிலிருந்து எடுத்த ஃபிளாக் கோப்புகள் 120 ஜிபியும் பழைய எம்பி3 பாடல்கள் 100 ஜிபியும் தனியாக இருக்கின்றன. ஆக மொத்தம் 620 ஜிபி, ஏறத்தாழ 13,000 கோப்புகள்.

மாதம் இருமுறை தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் போய் வருகிறேன். இந்தத் தொகுப்பு முழுவதையும் ஒரே பிளேயரில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்பது என் ஆசை. கைப்பேசி வேண்டாம். ஆலாபனை கார்வையில் நிற்கும் நேரம் பார்த்துத்தான் கடன் வேண்டுமா என்று அழைப்பு வருகிறது. அதோடு, என் கைப்பேசியில் மெமரி கார்டுக்கும் இடமில்லை, ஹெட்போனுக்கும் துளையில்லை.

விசாரித்ததில் மூன்று வழிகள் தெரிகின்றன. முதலாவது, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு மைக்ரோ எஸ்டி கார்டுகள் பொருத்திய பழைய ஐபாட் கிளாசிக். இரண்டாவது, சோனி என்டபிள்யூ-ஏ306 பிளேயருடன் 1 டிபி கார்டு. மூன்றாவது, ஹைபி ஆர்3 வரிசைப் பிளேயருடன் அதே கார்டு. கார்டையும் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய் வரை செலவிடலாம். எனக்கு 61 வயது. மேல் படுக்கையில் விளக்கை அணைத்த பிறகு கண்ணாடி தேடாமல் இயக்கும்படி இருந்தால் நல்லது. எதை வாங்கலாம்?

நாடாப்பதிவர்:

ஐயா, மூன்றில் எது என்பதற்குப் போகும் முன் அந்த 400 ஜிபியைச் சற்றுப் பார்த்துவிடலாம். ஏனெனில் உங்களை 1 டிபிக்குத் தள்ளுவதே அதுதான்.

மத்திய அலை வானொலியில் வரும் ஒலி பெரும்பாலும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போவதில்லை. கோயில் பிராகாரத்தில் நேரடியாகப் பதிந்த நாகசுரமாக இருந்தாலும், சாதாரண நாடாவும் வீட்டு டேப் ரெக்கார்டரும் 12 அல்லது 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பிடித்திருக்காது. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸ் தரமே, அதாவது நொடிக்கு 44,100 முறை ஒலியை அளப்பதே, 20 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத் தாங்கும். மெல்லொலிக்கும் பேரொலிக்கும் இடையே கேசட் தருவது 50 முதல் 60 டெசிபல் வரைதான். 16 பிட்டில் 96 டெசிபல் கிடைக்கிறது. எனவே 24 பிட்டில் கூடுதலாக உள்ள 8 பிட்டுகளில் நீங்கள் சேமித்திருப்பது பெரும்பாலும் நாடாவின் இரைச்சலே. இரைச்சலில் எந்த ஒழுங்கும் இல்லாததால் ஃபிளாக்கால் அதைச் சுருக்கவும் முடியாது. நிமிடத்துக்கு 20 எம்பி வரை பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூலக் கோப்புகளைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். என்றாவது இரைச்சல் நீக்க உட்கார்ந்தால் அந்த 24 பிட் கோப்புகள்தாம் கைகொடுக்கும். அவை வீட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் இருக்கட்டும். பயணத்துக்கு மட்டும் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் தனிப் பிரதி எடுங்கள். நிமிடத்துக்கு ஐந்தரை எம்பி என்று வைத்தால், 220 கேசட்டுகளின் 19,800 நிமிடங்களும் 110 ஜிபிக்குள் அடங்கிவிடும். எம்பி3 போலத் தரத்தைச் சற்று விட்டுக்கொடுத்துச் சுருக்கும் ஏஏசி வடிவில், 256 கேபிபிஎஸ்ஸாக மாற்றினால் 38 ஜிபி போதும். நான் ஃபிளாக்கையே பரிந்துரைப்பேன். அப்போதும் மொத்தத் தொகுப்பு 330 ஜிபிதான். 512 ஜிபி கார்டில் தாராளமாக இடமிருக்கும். அந்தக் கார்டை விண்டோஸ் 476 ஜிபி என்றுதான் காட்டும்; ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள், ஆயிரத்தால் வகுப்பதற்கும் 1024ஆல் வகுப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

ஃபூபார்2000 மென்பொருளில் கோப்புறை அமைப்பும் பாடல் விவரங்களும் மாறாமல் மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். இரவு தொடங்கிவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

ரிச்சி தெருப் பழுதாளர்:

பழைய ஐபாடுகளைப் பிரித்துப் பூட்டுவதே என் தொழில். ஆகவே நான் ஐபாடுக்கு வக்காலத்து வாங்குவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். பாதிதான் வாங்கப் போகிறேன்.

கிளாசிக் என்ற பெயரில் முதல் மாதிரி வந்தது 2007இல். மெல்லிய உடலில் 160 ஜிபி வந்தது 2009இல். விற்பனை நின்றது 2014இல். எனவே இன்று உங்கள் கைக்கு வரும் எதுவும் பத்து ஆண்டுக்கு மேல் யாரோ ஒருவரின் சட்டைப்பையில் இருந்த பொருள்தான். ஹார்ட் டிஸ்க் மாற்றியதில் மர்மம் ஒன்றுமில்லை. உள்ளே 1.8 அங்குல டிஸ்க் ஒன்று சுழலும். பாட்டை முன்கூட்டியே நினைவகத்துக்கு இழுத்துக்கொண்டு டிஸ்க் உறங்கப் போய்விடும். எம்பி3 ஆக இருந்தால் ஒரு முறை இழுத்தது பல பாடல்களுக்குப் போதும். தரம் குறையாத கோப்புகளாக இருந்தால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை டிஸ்க் எழுந்திருக்க வேண்டும், பேட்டரியும் அதற்கேற்பக் கரையும். கார்டு போட்டதும் இந்தத் தொல்லை தீர்ந்துவிடுகிறது. கீழே விழுந்தாலும் பயமில்லை.

வாங்குவதானால் 2009 மாதிரியைத்தான் வாங்க வேண்டும். அதற்கு முந்தைய 80, 120 ஜிபி கிளாசிக்குகளில் எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் 128 ஜிபிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. 2009 மாதிரிக்கு அந்தத் தடை இல்லை. நினைவகம் 64 எம்பி என்பதால் ஏறத்தாழ 50,000 பாடல்கள் வரை தாங்கும், உங்கள் 13,000 அதற்கு ஒரு பொருட்டல்ல. பின்பக்க எஃகு மூடியின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மேடுபள்ளமாக இருந்தால் தெரியாதவர் யாரோ நெம்பித் திறந்திருக்கிறார் என்று பொருள். உள்ளே பேட்டரியின் ரிப்பனும் ஹெட்போன் துளையின் ரிப்பனும் என்ன கதியில் இருக்கின்றனவோ தெரியாது.

இனி ஐபாடுக்கு எதிராக. ஆப்பிளின் சொந்த மென்பொருள் ஃபிளாக்கை இசைக்காது. எல்லாவற்றையும் ஆப்பிள் லாஸ்லெஸ் என்ற, தரம் குறையாத அதன் சொந்த வடிவுக்கு மாற்ற வேண்டும். அதிலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்காது. ராக்பாக்ஸ் என்ற மாற்று மென்பொருளை நிறுவினால் ஃபிளாக் பாடும், கோப்புறை வழியாகவே தேடலாம், விட்ட இடத்தைக் குறித்து வைக்கலாம். ஆனால் அது தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டுவதில்லை. 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் தந்தையார் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்திருந்தால் இது உறுத்தும். மேலும் கார்டுகள் உள்ளே பூட்டப்பட்டிருப்பதால் கேபிள் வழியாகத்தான் ஏற்ற முடியும். நொடிக்கு 25 எம்பி வேகத்தில் 330 ஜிபி ஏற மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்று சொல்வேன்: இருட்டில் கட்டைவிரலால் சுற்றும் அந்தச் சக்கரத்துக்கு ஈடாக வேறெதையும் நான் பார்த்ததில்லை.

கடலூர் செல்வி:

ஐயாவுக்கு வணக்கம். நான் ஏ306 வைத்திருக்கிறேன். அதில் உள்ளே இருப்பது 32 ஜிபி. ஆண்ட்ராய்டு அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதால், கார்டு இல்லாமல் அதை வாங்குவதில் பொருளில்லை. திரை 3.6 அங்குலம், எடை 113 கிராம். பக்கவாட்டில் ஒலி அளவுக்கும், நிறுத்தி ஓடவிடுவதற்கும், முன்பின் நகர்வதற்கும் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. தற்செயலாக அழுந்தாமல் பூட்டும் விசையும் உண்டு. ஒரு வாரத்தில் விரலுக்குப் பழகிவிடும். பாட்டைத் தேர்ந்தெடுக்க மட்டும் திரையைப் பார்த்தாக வேண்டும்.

நான் இதை வாங்கியதற்குக் காரணம் தமிழ். ஆண்ட்ராய்டு என்பதால் எழுத்துகள் கோணாமல் தெரிகின்றன. ஆனால் உங்கள் பழைய எம்பி3 கோப்புகளை ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஒருங்குறி பரவுவதற்கு முன் டிஸ்கி (TSCII), டேப் (TAB) போன்ற பழைய தமிழ்க் குறியேற்றங்களில் பெயரிட்டவை, தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகக் காட்சி தரும். எந்தப் பிளேயர் வாங்கினாலும் அது மாறாது. எம்பி3டேக் மென்பொருளில் உட்கார்ந்து திருத்துவதுதான் ஒரே வழி. எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் அதில் போயிற்று.

அடுத்தது கார்டு. விலை குறைவாக இருக்கிறதே என்று இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய 512 ஜிபி கார்டில், முதல் அறுபது ஜிபி வரை எல்லாம் சரியாகப் பாடியது. அதற்குப் பிறகு ஏற்றியவை பெயர் மட்டும் இருந்தும் ஓசை இல்லாமல் இருந்தன. கார்டுக்குள் இருந்தது 64 ஜிபிதான், வெளியில் அச்சிட்டிருந்தது மட்டும் 512. அதன் பிறகு எந்தக் கார்டு வாங்கினாலும், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு நிரலால் முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்த பிறகே பாட்டு ஏற்றுகிறேன். பல மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

கேசட்டின் ஒரு பக்கம் முழுவதையும் 45 நிமிடக் கோப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பயணத்துக்கான பிரதியில் அதை உருப்படி வாரியாகப் பிரித்துவிடுங்கள். அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஆலாபனை தொடங்கும் இடம், கீர்த்தனை தொடங்கும் இடம், தனி ஆவர்த்தனம் தொடங்கும் இடம் என்று குறி வைத்துக்கொண்டே போனால், மொத்தத்தையும் ஒரே கட்டளையில் தனிக் கோப்புகளாக ஏற்றுமதி செய்யலாம். ஃபிளாக்காகவே வைத்தால் கோப்புகளுக்கு நடுவே இடைவெளி விழாது. ஆலாபனையிலிருந்து கீர்த்தனைக்குப் போகும்போது மூச்சு முட்டியது போல் நிற்காது.

இரவுப்பயணி:

ஹைபி ஆர்3 என்னிடம் உள்ளது. ஆண்ட்ராய்டு கிடையாது, அதன் சொந்த இயங்குதளம்தான்; ஆகவே விரைவாக எழுகிறது, பாட்டைத் தவிர வேறு எதற்கும் வாய்ப்பில்லை. திரை சிறியது; என் போன்ற தடித்த விரல்காரர்களுக்குப் பொறுமை வேண்டும். தமிழ் எப்படித் தெரிகிறது என்பதை யார் சொல்வதையும் நம்பாமல் நீங்களே பாருங்கள். 'ஸ்ரீ', 'கொ', 'நௌ' மூன்றும் வரும்படி பெயரிட்ட ஒரு கோப்பைச் சிறு கார்டில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பணம் கொடுக்கும் முன் திறந்து பாருங்கள். ஒலித்தரத்தைப் பொறுத்தவரை, கேசட் பதிவுகளுக்கு மூன்றில் எதுவும் எதற்கும் தாழ்ந்ததல்ல. மிச்சமாகும் பணத்தை நல்ல இயர்போனில் போடுங்கள்.

திருவையாற்று ரசிகன்:

அனைவருக்கும் நன்றி. நாடாப்பதிவர் சொன்னபடி மூன்று கேசட்டுகளை மட்டும் மாற்றிப் பார்த்தேன். எது எந்தத் தரம் என்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஓடவிடும்படி என் மனைவியிடம் கேட்டுக்கொண்டேன். பத்து முறையில் ஐந்து முறை சரியாகச் சொன்னேன். பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தாலும் அவ்வளவுதான் கிடைத்திருக்கும். எனவே 512 ஜிபி கார்டே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். பெயர்கள் அனைத்தும் தமிழில் இருப்பதால் சோனி பக்கம் சாய்கிறேன், சக்கரத்தின் மீதுள்ள ஆசை இன்னும் போகவில்லை என்றாலும்.

ஒரு சிறு ஐயம் மீதமிருக்கிறது. ஒவ்வொரு கேசட் அட்டையிலும் தந்தையார் நீல மையில் ராகத்தையும் தேதியையும், மழையால் ஒலிபரப்பு கரகரத்தது போன்ற குறிப்புகளையும் எழுதி வைத்திருக்கிறார். அந்த அட்டைகளைப் படம் எடுத்து, பாட்டு ஓடும்போது திரையில் தெரியும்படி வைக்க முடியுமா?

கடலூர் செல்வி:

முடியும் ஐயா. ஸ்கேன் செய்து, அகலம் ஆயிரம் புள்ளிகளுக்குள் இருக்கும்படி ஜேபெக்காகச் சேமியுங்கள். 'புரொகிரெசிவ்' என்ற தேர்வு இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். அந்த வகைப் படத்தைப் பல பிளேயர்கள் காட்டுவதில்லை. எம்பி3டேக்கில் ஒரு கேசட்டின் கோப்புகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, இடது ஓரத்தில் உள்ள படச் சட்டத்தில் அந்த அட்டையை இழுத்துப் போட்டுச் சேமித்தால் போதும். 'மழையால் கரகரப்பு' என்ற குறிப்பை 'கமென்ட்' கட்டத்திலும் தட்டச்சு செய்து வையுங்கள். பின்னால் கணினியில் தேடும்போது உதவும்.