பஞ்சாயத்து அப்ரூவ்டு மனை: எங்கள் வீட்டுக் கதை

பஞ்சாயத்து அப்ரூவ்டு மனை வாங்கலாமா என்று கேட்டவருக்காக எழுதுகிறேன். 2009இல் அப்பா தாம்பரம் பக்கம் முடிச்சூர் தாண்டி அரை கிரவுண்டு வாங்கினார். நெல் விளைந்த நிலம், வரப்பை வெட்டிச் சமப்படுத்தி வெள்ளையடித்த கல் நட்டிருந்தார்கள். புரோக்கர் காட்டிய வரைபடத்தில் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் வட்ட முத்திரையும் இருந்தன. லேஅவுட்டுக்கு, அதாவது மொத்த மனைப்பிரிவுக்கு, சிஎம்டிஏவோ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) டிடிசிபியோதான் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி தர வேண்டும், தலைவர் முத்திரைக்கு அந்த மதிப்பு கிடையாது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பத்திரம் பதிவானது, வீட்டு வரி ரசீது வந்தது, கரண்டும் வந்தது, அரசாங்கமே எல்லாவற்றுக்கும் காசு வாங்கிக்கொள்ளும்போது அப்புறம் என்ன சந்தேகம் என்று இருந்துவிட்டோம்.

2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்தது. பிறகுதான் புலப்பட நகல், அதாவது நிலத்தின் எல்லைகளைக் காட்டும் சர்வே வரைபடம், எடுத்துப் பார்த்தோம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் கோடு போகிறது. நேரில் அங்கே காம்பவுண்டு சுவர்.

மறு வருடம் செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. பக்கத்து மனை சித்தப்பாவுடையது, மகள் கல்யாணத்துக்காக விற்க அட்வான்ஸ் வாங்கியிருந்தார். பத்திர ஆபீசில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அட்வான்சைத் திருப்பிக் கொடுக்க சித்தியின் வளையல் அடகுக்குப் போனது.

2017 மே மாதம், இப்படிப்பட்ட மனைகளுக்குப் பின்னாலிருந்து அங்கீகாரம் தரும் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்குள் ஒரு மனையாவது பத்திரமாகியிருந்தால் லேஅவுட்டுக்கே விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன், ஆனால் யார் விண்ணப்பிப்பது? மனை போட்டு விற்றவர் போனே எடுக்கவில்லை. கடைசியில் பதினோரு வீட்டுக்காரர்கள் சேர்ந்து அலைந்தோம். வரைபடத்தில் ரோடு 23 அடி, டேப் பிடித்தால் 18. மூலை வீட்டு அண்ணனின் படிக்கட்டு மட்டும் மூன்று அடி முன்னால் வந்திருந்தது. கேட்டால், “டேப் தொய்வா இருந்துச்சு தம்பி” என்றார்.

வரன்முறைக் கட்டணம் அப்போது சதுர மீட்டருக்கு 30 ரூபாய், அது பெரிதில்லை. வளர்ச்சிக் கட்டணமும் நடையும்தான் தாளம் போட வைத்தன. வரன்முறை ஆர்டர் கைக்கு வந்ததும் சித்தப்பா மனையை விற்றுவிட்டார், வாங்கியவருக்கு வங்கிக் கடனும் கிடைத்தது. வாய்க்கால் பற்றி அந்த ஆர்டரில் ஒரு வரி இல்லை.

அப்பா அதை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறார். பீரோ இப்போது மாடியில் இருக்கிறது.