மருந்து கேட்குமா: மஜ்ஜை நோய்க் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

நான் மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மஜ்ஜை ஸ்லைடு பார்க்கிறவன். எலும்பு மஜ்ஜை நோயாளிகளின் குடும்பத்தாருக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு தயாராகிறது. முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லில், மருந்து வேலை செய்வதைக் குறிக்கும் ‘ரெஸ்பான்ஸ்’ என்பதில், வண்டி நிற்கிறது.

நோயின் பெயர் மைலோடிஸ்பிளாஸ்டிக் சின்ட்ரோம், சுருக்கமாக எம்டிஎஸ். இதில் மஜ்ஜை சும்மா இருப்பதில்லை. மும்முரமாகச் செல்களை உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அவை கோணலாகப் பிறந்து, பெரும்பாலும் ரத்தத்துக்கு வருமுன்பே மடிந்துவிடும். ஹீமோகுளோபின் இறங்கும், தட்டணு குறையும், தொற்று அடிக்கடி வரும். சிலருக்கு ரத்தப் புற்றாக மாறும். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. இதற்கு ‘மஜ்ஜைப் பிறழ்வு’ என்று வைத்திருக்கிறேன். அதில் யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன். (சித்த மருத்துவத்தின் ஏழு உடற்கட்டுகளில் மஜ்ஜைக்குப் பெயர் ‘மூளை’. அழகான சொல்தான், ஆனால் கையேட்டில் போட்டால் நரம்பு டாக்டரிடம் போய் நிற்பார்கள்.)

சிக்கல் இங்கே. வீட்டார் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். ஒன்று, ‘இது எப்படிப் போகும், எவ்வளவு காலம்?’ மற்றது, ‘இந்த ஊசி கேட்குமா?’ இரண்டும் வேறு வேறு. நம் மருத்துவக் கட்டுரைகளிலோ இரண்டுக்கும் ‘முன்கணிப்பு’ என்றே எழுதிவிடுகிறோம்.

1997இல் வந்த ஐபிஎஸ்எஸ் மதிப்பெண் முதல் கேள்விக்கான விடை. மஜ்ஜையில் முதிராச் செல் எவ்வளவு, குரோமோசோமில் என்ன கோளாறு, எத்தனை வகை அணுக்கள் குறைந்திருக்கின்றன என்று பார்த்து, நோய் எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்லும். 2012இல் திருத்தினார்கள். 2022இல் 31 மரபணுக்களையும் சேர்த்தார்கள். ஆனாலும் இந்த மூன்றுமே எந்த மருந்து எந்த நோயாளிக்கு வேலை செய்யும் என்று சொல்வதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

அதைச் சொல்லும் குறிகள் தனியாக இருக்கின்றன. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனான எரித்ரோபாய்ட்டின் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் அந்த ஹார்மோன் ஏற்கெனவே 500 அலகுக்கு மேல் இருந்து, மாதம் இரண்டு பாட்டில் ரத்தமும் ஏற்ற வேண்டியிருந்தால், ஊசி போட்டுப் பெரிய பயன் இருக்காது. இரண்டும் குறைவாக இருந்தால் நல்ல வாய்ப்பு. ஐந்தாம் குரோமோசோமின் நீள்கரத்தில் ஒரு துண்டு இல்லாதவர்களுக்கு லெனலிடோமைடு: 2006இல் வெளியான ஆய்வில் 148 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ரத்தம் ஏற்றும் தேவையே நின்றது. இன்னொன்று நான் ஸ்லைடில் கண்ணால் பார்ப்பது. இரும்புச் சாயம் போட்டால் வளர்ந்துகொண்டிருக்கும் சில சிவப்பணுக்களின் உட்கருவைச் சுற்றி நீலப் புள்ளிகள் வளையம் கட்டி நிற்கும். அந்த வளையம் இருந்தால் பெரும்பாலும் எஸ்எஃப்3பி1 மரபணுவில் மாற்றமும் இருக்கும். எம்டிஎஸ்ஸில் லஸ்பாட்டர்செப்ட் ஊசிக்கு முதலில் அனுமதி கிடைத்தது இந்த வளையம் உள்ளவர்களுக்குத்தான்.

‘ரெஸ்பான்ஸ்’ என்பதற்கு முதல் வரைவில் ‘எதிர்வினை’ என்று போட்டிருந்தது. உசிலம்பட்டிக்காரர் ஒருவர் அப்பாவுக்காக வாங்கிப் படித்துவிட்டு, “ரெண்டாவது மாசமே எதிர்வினை வரும்னு போட்டிருக்கே, அப்ப எதுக்கு இந்த ஊசி?” என்றார். பக்கவிளைவு என்று எடுத்துக்கொண்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? ஆகவே ‘எதிர்வினை’ வேண்டாம். ‘ஏற்பு’ என்றால் ஏற்பிகளோடு (ரிசப்டர்) குழம்புகிறது.

நம் பக்கத்துப் பேச்சில் சொல் இருக்கத்தான் செய்கிறது. ‘மாத்திரைக்குக் காய்ச்சல் கேக்கல’, ‘கசாயத்துக்குக் கேட்டுச்சு’. இதிலிருந்து ‘மருந்துக்கேட்பு’ என்று எடுத்து, ‘கேட்புக் கணிப்பு’, ‘கேட்புக்குறி’ என்று வளர்க்கலாமா? உங்கள் கருத்து தேவை.

~~~~~

பெருமதிப்பிற்குரிய நண்பருக்கு,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். முப்பது ஆண்டுக்கும் மேல் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் என்ற உரிமையில் மூன்று தடை.

முதலாவது, ‘கேட்பு’ ஏற்கெனவே வங்கிக்காரர் சொத்து. கேட்பு வரைவோலை, காப்பீட்டுக் கேட்பு. ஆஸ்பத்திரியில் காப்பீட்டுத் திட்டப் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவரிடம் போய் ‘உங்கள் கேட்பு எப்படி’ என்றால் பணம் வந்ததா என்று கேட்பதாகத்தான் நினைப்பார்.

இரண்டாவது, கேட்பது யார்? நோயா, மருந்தா, நோயாளியா? ‘மருந்துக்கு நோய் கேட்கிறது’ என்றும் சொல்கிறோம், ‘நோய்க்கு மருந்து கேட்கிறது’ என்றும் சொல்கிறோம். கலைச்சொல்லுக்கு இந்த வழுக்கல் ஆகாது.

மூன்றாவது, பள்ளிக்கூட உயிரியலில் தூண்டல், துலங்கல் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். ‘மருந்துத் துலங்கல்’ என்று போனால் என்ன குறைந்துவிடும்?

‘கணிப்பு’ என்பதும் எனக்கு ஜாதக வாடை அடிக்கிறது. இதைத் தடையாகச் சொல்லவில்லை, மூக்கைச் சுளித்தேன், அவ்வளவே.

~~~~~

அண்ணே, ஐயா, இரண்டு பேருக்கும் வணக்கம்.

நான் மேலூர்ப் பக்கம். செவிலியராக இருக்கிறேன், எம்டிஎஸ்ஸுக்கான அசாசிட்டிடின் ஊசி போடுகிறவள். இலக்கணம் ஐயா பார்த்துக்கொள்ளட்டும். வார்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

அந்த மருந்தைக் கலக்கினால் தெளிவாக வராது, கலங்கலாகத்தான் இருக்கும். போடுவதற்கு முன்பு சிரிஞ்சை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டி ஒரே சீராக்கிக்கொண்டு தோலுக்கடியில் போட வேண்டும். 28 நாளுக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு ஏழு நாள். போட்ட இடம் சிவந்து தடிக்கும். அதைப் பார்த்தவுடன் ‘மருந்து ஒத்துக்கலை’ என்பார்கள். ஒன்றுமே ஆகவில்லை என்றால் ‘நல்லா ஒத்துக்கிச்சு, கேட்டுருச்சு’ என்பார்கள். ஒத்துக்கொள்வது வேறு, கேட்பது வேறு என்று கையேட்டில் யாராவது எழுதினால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

இன்னொன்று. முதல் இரண்டு சுற்றில் அணுக்கள் இன்னும் இறங்கத்தான் செய்யும். களை பறிக்கும்போது கூடவே நாலு நாற்றும் சாய்கிற மாதிரி. வீட்டில் பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். ஆறு சுற்றாவது போட்டுப் பார்க்காமல் கேட்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பார் எங்கள் டாக்டர். எந்தச் சொல்லை வைத்தாலும், ‘உடனே தெரியாது’ என்பது அதோடு ஒட்டி வர வேண்டும்.

~~~~~

ஐயாவுக்கும் மேலூர்த் தங்கைக்கும் நன்றி.

துலங்கலில் இருந்து தொடங்குகிறேன். சொல் நல்ல சொல், நரம்பு, தாவரம் என்று வரும்போது அதையே வைத்துக்கொள்வோம். ஆனால் எனக்கு எதிர்ப்பதமும் வேண்டும். மருந்து வேலை செய்யாததற்குத் ‘துலங்காமை’ என்று வரும். ‘தொட்டது துலங்காது’ என்று திட்டுகிற ஊர் இது. கேஸ் ஷீட்டில் ‘துலங்காத நோயாளி’ என்று எழுதிப் பாருங்கள், கோரிப்பாளையம் சிக்னல் வரை சத்தம் கேட்கும். ‘கேளாமை’யில் அந்தச் சாபம் இல்லை. முதலில் கேட்டுப் பிறகு நின்றுபோவதற்குக் ‘கேட்பிழப்பு’. அசாசிட்டிடினில் இது நிறையப் பேருக்கு நடக்கிறது, அதனால் அதற்கும் தனிச்சொல் கட்டாயம் தேவை.

யார் கேட்பது என்ற தடைக்கு ஐயாவிடம் முழுதாகத் தலைவணங்குகிறேன். ஒரு விதி வைத்துக்கொள்வோம்: எழுவாய் எப்போதும் நோய். ‘நோய் மருந்துக்குக் கேட்டது, கேட்கவில்லை.’ நோயாளியை எழுவாயாக்கினால், ஏதோ அவர் சொல் பேச்சுக் கேளாதவர் போல ஆகிவிடும். எழுபது வயதுப் பெரியவரின் மேல் அந்தப் பழியைப் போட வேண்டாம். வங்கிக் கேட்போடு மோதாமலிருக்க, தலைப்பிலும் முதல் குறிப்பிலும் ‘மருந்துக்கேட்பு’ என்று முழுதாக எழுதி, பிறகு சுருக்கலாம்.

இனி, இரண்டு சொல் ஏன் கட்டாயம் வேண்டும் என்பதற்கு நான் முதல் மடலிலேயே சொல்லியிருக்க வேண்டிய எடுத்துக்காட்டு. டெட்2 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு அசாசிட்டிடின் வகை மருந்து கேட்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டின. ஆனால் அதனால் அவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று தெளிவாகக் காட்ட முடியவில்லை. டிபி53 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் வேறு கதை. அங்கே மருந்து கேட்கவே கேட்காது என்றில்லை, பலருக்குக் கேட்கும். ஆனால் நீடிக்காது, நோயின் போக்கும் மோசம். ‘முன்கணிப்பு நன்று’ என்று ஒரே சொல்லில் எழுதினால் இந்த இரண்டில் எதைச் சொல்வீர்கள்? டெட்2வுக்குக் ‘கேட்புக்குறி நன்று, போக்குக்குறி சாதாரணம்’ (போக்குக்குறி, நோய் எப்படிப் போகும் என்று காட்டுவது) என்றால் படிப்பவருக்குப் புரியும், டாக்டரிடம் சரியான கேள்வியும் கேட்பார். ஐந்தாம் குரோமோசோம் துண்டு விடுபட்டவர்களுக்கு, அது மட்டுமே கோளாறாக இருந்தால், இரண்டு குறியும் சாதகம். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஒத்துக்கொள்வதற்கு ‘ஒப்புதல்’ என்று எழுதப் போய், அது கையெழுத்து வாங்கும் படிவம் என்று நினைவு வந்து நிறுத்தினேன். ‘ஒவ்வாமை’ எல்லாருக்கும் தெரியும்; அதன் மறுபக்கம் ‘ஒவ்வுமை’. கட்டுரையில் இது, கையேட்டில் ‘ஒத்துக்கொள்ளுதல்’ என்றே போடுகிறேன்.

கணிப்பில் ஜாதக வாடை எனக்கும் அடிக்கிறது. இருந்தாலும் ‘முன்னறிவிப்பு’ என்றால் வானொலியில் புயல் சொல்வது போல முடிவாகத் தெரிந்துவிட்ட தொனி. கணிப்பு தவறலாம் என்பது ஜாதகம் பார்க்கிறவருக்கும் தெரியும். அதோடு எண்ணையும் சேர்த்து எழுதுகிறேன். 2009இல் வந்த பெரிய ஆய்வில், தீவிரமான மஜ்ஜைப் பிறழ்வு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கே அசாசிட்டிடினால் ரத்த அணுக்கள் தேறின. மொத்தத்தில் இடைநிலை ஆயுள் (நோயாளிகளை வரிசைப்படுத்தினால் நடுவில் இருப்பவரின் ஆயுள்) 15 மாதத்திலிருந்து 24.5 மாதமாகக் கூடியது. பாதிப் பேர் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

தங்கை சொன்னதை அப்படியே எடுத்து, கையேட்டின் நான்காம் பக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

“ஊசி போட்ட இடம் சிவந்தால் மருந்து கேட்கவில்லை என்று பொருள் இல்லை. ஒன்றும் ஆகவில்லை என்றால் கேட்டுவிட்டது என்றும் பொருள் இல்லை. முதல் இரண்டு சுற்றில் அணுக்கள் இன்னும் குறையலாம். நோய் மருந்துக்குக் கேட்கிறதா என்று பார்க்க ஆறு சுற்றாவது ஆகும். காய்ச்சல் வந்தாலோ ரத்தம் கசிந்தாலோ அன்றே வாருங்கள். எதற்காகவும் டாக்டரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தாதீர்கள்.”

முதிராச் செல்லுக்கு ‘குருத்தணு’ என்று ஒருவர் தனிமடலில் சொல்லியிருக்கிறார். குருத்தணு என்றால் ஏற்கெனவே ஸ்டெம் செல். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே போட்டுக் குழப்ப வேண்டாம்.