ஐசி எண்ணுக்குச் சராசரி உண்டா? தரவு பாடம் நடத்தியவர்களின் அனுபவங்கள்

கணக்கு டீச்சர், பினாங்கு

மலேசிய இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1 கணிதப் புத்தகத்தில் தரவு கையாளுதல் 12ஆவது பாடம். அதற்குப் பிறகு பித்தாகரஸ் மட்டும்தான் பாக்கி. ஆண்டுக் கடைசி, தேர்வு நெருக்கடி, அதனால் பல வகுப்புகளில் இந்தப் பாடம் ஓட்டமும் நடையுமாகத்தான் போகும். வகைத் தரவு, எண் தரவு, எண் தரவில் தனித்தது, தொடர்ச்சியானது என்று ஒரு கிளைப்படம் வரைந்து, கண்ணின் நிறம், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, உயரம் என்று ஆளுக்கொரு உதாரணம் ஒட்டிவிட்டால் முடிந்தது. பிள்ளைகளும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். இலக்கம் கண்ணில் பட்டாலே போதும், "எண் தரவு, டீச்சர்!"

அதனால் நான் ஐசியில், அதாவது அடையாள அட்டையில்தான் ஆரம்பிப்பேன். பன்னிரண்டு வயதில் மைகார்டு எடுத்த பிள்ளைகள், இன்னும் அதன் பெருமை போகவில்லை. முழு எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது முதல் விதி. நடுவில் உள்ள இரண்டு இலக்கம் மட்டும் போதும். அது பிறந்த மாநிலத்தின் குறியீடு. 06 பகாங், 07 பினாங்கு, 08 பேராக், 14 கோலாலம்பூர். "எண்தானே, வீட்டில் எல்லாருக்கும் கூட்டிச் சராசரி எடுங்க" என்றேன்.

ஒரு பையன் உடனே எழுந்தான். "டீச்சர், எங்கப்பா பகாங், எங்கம்மா பேராக். ஆறும் எட்டும் பதினாலு. ரெண்டால வகுத்தா ஏழு. நான் பினாங்குல பொறந்தேன். சரியாத்தானே இருக்கு?"

வகுப்பே கைதட்டியது. பின்வரிசையில் இருந்து ஒரு பெண்: "எங்கப்பா பினாங்கு, எங்கம்மா கேஎல். அப்ப நான் பத்தரையா? சிலாங்கூருக்கும் திரெங்கானுவுக்கும் நடுவுலயா பொறந்தேன்?" ஏனென்றால் 10 சிலாங்கூர், 11 திரெங்கானு. இலக்கத்தில் எழுதியிருந்தாலும் அது மாநிலத்தின் பெயர்தான், வகைத் தரவுதான் என்று அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 204ஆம் எண் பேருந்து பினாங்கு மலைக்குப் போகும், 101 தெலுக் பஹாங்குக்குப் போகும், அதற்காக 204 இரண்டு மடங்கு தூரம் போகுமா என்று அவர்களே அடுத்த உதாரணத்தை எடுத்துக்கொண்டார்கள்.

தரவு திரட்டுவதைக் கடைசியில் வைக்காமல் முதலிலேயே செய்ய வைப்பது என் வழக்கம். கேள்வியையும் அவர்களே எழுத வேண்டும். ஒரு குழு எழுதியது: "பள்ளிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?" வந்த பதில்களைப் பலகையில் அப்படியே எழுதினோம். 15. அரை மணி. 6:40. பக்கம்தான். மழை பெய்தால் லேட். அப்பா மோட்டார்ல வந்தா சீக்கிரம். "இதை எப்படிடா பட்டைப் படமா போடுவீங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அரைமணி நேரச் சண்டைக்குப் பிறகு கேள்வி இப்படி மாறியது: "இன்று காலை வீட்டு வாசலில் இருந்து பள்ளி கேட் வரை எத்தனை நிமிடம்?" இப்போது தொடர்ச்சியான எண் தரவு. இன்னொரு குழு பெட்டிகள் போட்டுக் கொடுத்தது, 10 முதல் 20, 20 முதல் 30 என்று. சரியாக 20 நிமிடம் எடுத்த பிள்ளை எந்தப் பெட்டியில் டிக் அடிப்பாள்? அவள் இரண்டிலும் அடித்திருந்தாள். அவள்மேல் என்ன தப்பு?

டியூஷன் மாஸ்டர், செந்தூல்

டீச்சர் சொன்ன பெட்டி விஷயத்துக்கு எங்கள் ஊர்ப் புகைமூட்டம் நல்ல உதாரணம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 50 வரை நல்லது, 51 முதல் 100 வரை மிதம், 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது. எண்ணாக இருந்தது, வரிசைப்படுத்திய வகையாகிவிட்டது. சுலபமாகப் புரியும், ஆனால் 101க்கும் 199க்கும் ஒரே பெயர்தான். வெளியில் ஓடி விளையாடும் பையனுக்கு இரண்டும் ஒன்றா? பி40, எம்40, டி20 (கீழ் 40, நடு 40, மேல் 20 விழுக்காட்டுக் குடும்பங்கள்) கதையும் இதேதான். குடும்ப வருமானம் என்ற தொடர்ச்சியான எண்ணை மூன்று துண்டாக வெட்டியது. புள்ளிவிவரத் துறை 2022க்கு வெளியிட்ட கணக்கில் குடும்ப வருமானத்தின் சராசரி 8,479 ரிங்கிட், இடைநிலை (வரிசையாக அடுக்கினால் நட்டநடுவில் வருவது) 6,338 ரிங்கிட். ஏன் இவ்வளவு இடைவெளி என்று கேட்டால் படிவம் 2 பிள்ளைகளே "பெரிய பணக்காரங்க சராசரியை மேல இழுக்கிறாங்க சார்" என்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன், நேர்காணல் பழகட்டும் என்று. ஒருத்தி நோட்டைத் திறந்து, "அங்கிள், ஒரு நாளைக்கு எத்தனை தோசை விக்கும்?" என்றாள். கல்லாவில் இருந்தவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "எதுக்கு கேக்குறீங்க? வருமான வரி ஆளா?"

பள்ளிப் பாடம், கடைப் பெயர் எழுத மாட்டோம், பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுவோம் என்று சொன்ன பிறகு முகம் தளர்ந்தது. "இதை வந்ததும் சொல்லியிருந்தா தே தாரிக் வாங்கிக் கொடுத்திருப்பேன்லா" என்று சிரித்தார். அப்புறம் சொன்ன எண் ஐநூறு. பிள்ளைகள் தோசைக்கல் பக்கம் மேசையில் உட்கார்ந்து, மதிய நேரத்தில் வெளியே போகும் தோசையைக் கோடு கிழித்து எண்ணினார்கள். எப்படிப் பெருக்கினாலும் ஐநூறு வரவில்லை. "அங்கிள் பொய் சொல்றாரா சார்?" இல்லை, தைப்பூச நாளை நினைத்துச் சொல்லியிருப்பார். ஆளைக் கேட்டால் நினைவில் இருப்பது வரும், உட்கார்ந்து எண்ணினால் அந்த ஒரு மணி நேரம் மட்டும் வரும். இரண்டுக்கும் ஓட்டை உண்டு. எந்த ஓட்டை நமக்குப் பரவாயில்லை என்று பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்கணும்.

முன்னாள் கணக்கெடுப்பாளர், பட்டர்வொர்த்

நான் ஆசிரியர் இல்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போனவன். ஒரு பாட்டியிடம் வயது கேட்டேன். "ஜப்பான்காரன் வந்தப்ப நான் தவழ்ந்துக்கிட்டு இருந்தேன்யா" என்றார். ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தது 1941 டிசம்பரில். தவழும் குழந்தை என்றால் அந்த வருடமே பிறந்திருக்கலாம். ஐசியைக் காட்டச் சொன்னேன். அதில் இருந்தது 1938. "அது தோட்டத்துக் கிராணி போட்ட தேதி. வேலைக்குச் சேக்கணும்னு வயசைக் கூட்டிப் போட்டாரு."

எதை எழுதுவீர்கள்? நேரில் கேட்டு வாங்கியது முதல்நிலைத் தரவு, ஏற்கெனவே பதிந்து வைத்தது இரண்டாம்நிலைத் தரவு என்று நீங்கள் வகுப்பில் பிரிக்கிறீர்கள். அந்தத் திண்ணையில் இரண்டும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு நின்றன. எனக்குக் கொடுத்த விதி ஆவணத்தைப் பார்த்து எழுது என்பது, எழுதினேன். பாட்டி சொன்னதைத்தான் நான் நம்பினேன்.

கணக்கு டீச்சர், பினாங்கு

ஐயா, இதை அடுத்த வாரமே வகுப்பில் சொல்லப்போகிறேன். ஆவணம் என்றால் உண்மை என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

பாரிட் புந்தார் பையன், இப்போ ஜார்ஜ்டவுன்

என் தங்கையின் திட்டப்பணிக் கதை. தலைப்பு: பினாங்கு மக்களுக்குப் பிடித்த மதிய உணவு. தைப்பூசத்தன்று கூட்டம் நிறைய இருக்கும், நாலே மணி நேரத்தில் நூறு பேரைப் பிடித்துவிடலாம் என்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில், தண்ணீர்ப் பந்தல் ஓரமாக நின்றுகொண்டாள். நூறு தாளும் நிறைந்தன. வெற்றி பெற்றது வாழையிலைச் சைவச் சாப்பாடு. ஊருக்கே பேர் வாங்கித் தந்த, இறைச்சிக் குழம்பு ஊற்றிய சோறான நாசி கண்டார் ஒரு ஓட்டுகூட வாங்கவில்லை. பினாங்கில்!

"ஆள் அதிகமா கேட்டா சரியா வரும்னு நெனச்சேன்" என்றாள். 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை அதிபர் தேர்தலுக்கு இருபது லட்சத்துக்கு மேல் பதில்கள் வாங்கியும் கோட்டைவிட்டதை அவளுக்குச் சொன்னேன். தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவிலும் இருந்து முகவரி எடுத்தார்கள். அந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருக்கும்? லாண்டன் ஜெயிப்பார் என்றார்கள், ரூஸ்வெல்ட் 48 மாநிலத்தில் 46ஐ அள்ளினார்.

நூறு தாளையும் தூக்கிப் போட வேண்டாம், தலைப்பை மட்டும் "தைப்பூசத்தன்று பக்தர்கள் விரும்பும் மதிய உணவு" என்று மாற்று என்றேன். அவள் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை சௌராஸ்தா சந்தை, ஜெட்டி, கோம்தார் பேருந்து நிலையம் என்று மூன்று இடத்தில், வருகிறவர்களில் ஒவ்வொரு ஐந்தாமவரை மட்டும் நிறுத்திக் கேட்டாள். அப்படி ஒருமுறை ஐந்தாமவராக வந்தவர் ஒரு ஜெர்மன் சுற்றுப்பயணி. அவரைச் சேர்க்கலாமா கூடாதா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது.