தனுஷ்கோடி புயல் வராமல் போயிருந்தால்? நாவலுக்கு உதவி தேவை

வணக்கம். முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாற்று வரலாற்றுக் கதை. 1964 டிசம்பர் புயல் திசைமாறிப் போய்விடுகிறது, தனுஷ்கோடி தப்பிக்கிறது. எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் கொழும்பு ரயிலைப் பிடிக்கும் பயணம் இன்றும் நடக்கிறது.

சிக்கல் இதுதான். நிஜத்தில் புயலுக்குப் பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 80களில் மூண்ட போர்தான் அதை நிறுத்தியது. அப்படியானால் புயலை மட்டும் மாற்றினால் போதுமா, போர் தொடங்கிய 1983ஐயும் தொட வேண்டுமா? தொட்டால், அத்தனை பேர் பட்ட துயரத்தை இல்லையென்று எழுதியது போல ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஈழத்து நண்பர்கள் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் கருத்துதான் எனக்கு முக்கியம்.

அடுத்தது, மாறிய உலகத்தை வாசகருக்கு எப்படி உணர்த்துவது? முதல் அத்தியாயத்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியம்மா சுங்க மேசையில் பனங்கிழங்குக் கட்டை அவிழ்த்துக் காட்டுகிறார். அதிகாரி அவர் பாஸ்போர்ட்டில் இந்த வருடத் தேதியிட்டு முத்திரை குத்துகிறார். வேறு விளக்கம் கிடையாது. இது போதுமா?

போட் மெயிலில் போய்வந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், சாமான்களை யார் கப்பலுக்கு மாற்றினார்கள், வழியில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுச் சொல்வீர்களா? தமிழில் வந்த மாற்று வரலாற்றுக் கதைகள் தெரிந்தாலும் பெயர் சொல்லுங்கள். அறிவியல் புனைகதைகள் ஓரளவு படித்துவிட்டேன், இந்த வகைதான் கைக்குச் சிக்கவில்லை.