சரித்திரம் படித்தவர்கள் சுங்கை சிப்புட்டில் யாராவது இருக்கிறீர்களா?

தோட்டத்துப் பொண்ணு:
எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடிந்தது. பல்கலைக்கழகத்தில் சரித்திரம் எடுக்க ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். படித்தவர்கள் சொல்லுங்களேன்.

பெரட்டுக்களம்:
எனக்கு அர்க்கிப் நெகாராவில் (மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம்) வேலை, தங்கச்சி. ஜாவியும் (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) பழைய ஆங்கிலக் கையெழுத்தும் வாசிக்கத் தெரிந்ததால்தான் கிடைத்தது. ஜாவியை இப்போதே கற்றுக்கொள். கூடப் படித்தவர்களில் ஒருவர் பத்திரிகையில், ஒருத்தி வங்கியில் மோசடி விசாரிக்கும் பிரிவில்.

மூணாம் லயம்:
அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. நான் மலாயாப் பல்கலைக்கழகம் போனபோது லயமே கேட்டது, "வாத்தியார் வேலை கிடைக்கலன்னா?" கிடைக்கவில்லை. ஈப்போவில் ஒரு வழக்கறிஞரிடம் பத்திரம் சரிபார்க்கச் சேர்ந்தேன்.

படிப்பு முழுசாகக் கைகொடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியம்மா விஷயத்தில்தான். அறுபது தாண்டியும் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை. சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) கிடையாது. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் கிடைத்த 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்புவரை இந்த நாட்டில் பிறந்தவர்களுக்குச் சட்டப்படியே குடியுரிமை உண்டு. பெரியம்மா ஐசியிலோ பிறந்த வருஷம் 1956.

அந்த 1956 எங்கிருந்து வந்தது? ஒரு தாளைக் கையில் எடுத்தால் யார் எழுதினார், எப்போது, எதற்காக என்று கேட்க முதல் வருஷமே பழக்கிவிடுவார்கள். விசாரித்தால், 1969-இல் ஐசி எடுக்கப் போனபோது கிராணி (குமாஸ்தா) ஆளைப் பார்த்து மதிப்பாகப் போட்டது! பெரியம்மாவோ, "நான் வயித்துல இருக்கறப்பதான் மெர்டேக்கான்னு அம்மா சொல்லும்" என்றார். வாய்ப்பேச்சு சாட்சிக்குப் போதாது, ஆனால் எந்த மாதங்களில் தேடுவது என்று தெரிந்துவிட்டது. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெஸ்ஸர் பிரசவங்களை எழுதி வைத்திருப்பாரே என்று அவர் மகன் வீட்டுக்குப் போனோம். தகரப் பெட்டியில் அந்த நோட்டு இருந்தது, ஓரமெல்லாம் செல்லரித்து. 1957 டிசம்பர் பக்கத்தில் நீல மையில் தாயின் பெயர், பக்கத்தில் "பெண், 5 ராத்தல்". எனக்குக் கை நடுங்கியது.

தகப்பன் பெயர் வேறு முனியாண்டி, மொனியண்டி என்று தாளுக்கொரு மாதிரி இருந்தது. காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட, தோட்டத்தின் பழைய செக்ரோலை (ஆள் பேர், சம்பளப் பதிவேடு) தேடிப் பிடித்து நான்கு பக்கம் விளக்கம் எழுதினேன். அதற்கே மூன்று வாரம்.

குடிமக்களுக்கான நீல ஐசி வர மூன்று வருஷம் ஆனது. பெரியம்மா அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "வருஷம் என்னா போட்டுருக்கு, படிச்சிக் காட்டும்மா."