கேன்டர் என்றதும் கொந்தளிக்கும் குதிரை: ஓடவிட்டு அடக்குவதா, நிறுத்தி நிறுத்திப் பழக்குவதா?

இளஞ்சவாரி:
என்னிடம் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற, காயடிக்கப்பட்ட ஏழு வயதுக் குதிரை ஒன்று உள்ளது. நடையிலும் டிராட்டிலும் (துள்ளுநடை) அதைப் போலச் சொல் கேட்கும் குதிரையை நான் பார்த்ததில்லை. ஆனால் கேன்டருக்கு (டிராட்டைவிட வேகமான, மிதமான பாய்ச்சல் ஓட்டம்) கேட்ட மாத்திரத்தில் தலையை உயர்த்தி, முதுகைக் குழித்துக்கொண்டு, வேலி குறுக்கிடும் வரை பறக்கிறது. அடங்கும் வரை ஓடவிடுங்கள் என்று ஒருவரும், ஐந்தாறு எட்டுகளுக்கு (நான்கு கால்களும் ஒருமுறை விழுவது ஒரு எட்டு) மேல் ஓடவே விடாதீர்கள் என்று மற்றொருவரும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் முயன்று பார்த்ததில் குதிரையும் குழம்பிவிட்டது, நானும் குழம்பிவிட்டேன். அனுபவம் உள்ளவர்கள் வழி காட்ட வேண்டுகிறேன்.

வெண்குளம்பு:
ஓடவிடுவதே சரி என்பது என் கருத்து. ஆனால் "ஓடவிடுவது" என்றால் களைத்து விழும் வரை விரட்டுவது என்று பொருள் கொள்ள வேண்டாம். கேன்டரில் குதிரையின் மூச்சு எட்டோடு பிணைந்தது. ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு என்றுதான் அது ஓடுகிறது. பதற்றத்தில் உடலை இறுக்கிக்கொண்டு ஓடும் குதிரைக்கு அந்தத் தாளம் கூடிவரச் சில சுற்றுகளாவது வேண்டும். இருபது மீட்டர் வட்டத்தில் எதுவும் செய்யாமல் அமர்ந்திருங்கள். மூக்கால் நீளமாக ஒரு சீறல் விட்டு, காதுகள் தளர்ந்து, கழுத்து ஒரு சாண் கீழிறங்கும் தருணம் வரும். அந்த நொடியில் டிராட்டுக்குக் கேளுங்கள். அடங்கியதற்கு ஓய்வு கிடைத்தது என்று குதிரை புரிந்துகொள்ளும். ஐந்தாவது எட்டிலேயே நிறுத்தினால், பதற்றத்தின் உச்சியில் வாயைப் பிடித்து இழுத்தார்கள் என்பது மட்டுமே அதற்கு நினைவில் நிற்கும்.

வார்ப்பிடி:
வெண்குளம்பு அவர்கள் விவரிக்கும் சீறலும் தளர்வும் உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆயினும் இந்தக் குதிரைக்கு அந்த வழி பொருந்தாது.

பந்தயக் குதிரை கடிவாளத்தின் மீது சாய்ந்து ஓடப் பழக்கப்பட்டது. வார் இறுகினால் "நில்" என்று நாம் நினைக்கிறோம். அதுவோ, தாங்கிக்கொண்டு ஓடச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. அதைவிட முக்கியமானது சமநிலை. வட்டத்தின் வெளிப்பக்கப் பின்கால் முதலில் ஊன்ற, உள்பக்கப் பின்காலும் வெளிப்பக்க முன்காலும் சேர்ந்து விழ, கடைசியாக உள்பக்க முன்கால் தரையைத் தொட, பிறகு நான்கு கால்களும் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கின்றன. மூன்று தாளங்களில் அமையும் இந்த ஓட்டத்தில் பின்கால்கள் எடையைத் தாங்காவிட்டால், முன்னால் கவிழும் உடலைப் பிடிக்க அடுத்த எட்டு இன்னும் வேகமாகத்தான் விழ வேண்டும். நேர்கோட்டில் ஓடியே வளர்ந்த குதிரையை வட்டத்தில் பத்துச் சுற்று ஓடவிட்டால், பத்துச் சுற்றும் அது கவிழ்ந்து ஓடுவதற்குத்தான் பயிற்சி எடுக்கிறது. கூடவே உடற்திறனும் ஏறும். இந்த மாதம் ஆறு சுற்றில் அடங்கியது அடுத்த மாதம் பன்னிரண்டு கேட்கும்.

டிராட்டிலிருந்து ஆறு எட்டு கேன்டர், மீண்டும் டிராட், பிறகு வாரைத் தளர விட்டு நடை. இதை ஒரே அமர்வில் பதினைந்து இருபது முறை செய்தால், கேன்டர் என்பது குதிரைக்குப் பெரிய சேதியாக இல்லாமல் போய்விடும்.

லாயத்தான்:
இருவரும் சவாரியிலிருந்தே தொடங்குகிறீர்கள். சேணம் தோளை அழுத்துகிறதா, பல் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிறதா, முதுகிலோ வயிற்றிலோ வலி உள்ளதா என்று மருத்துவரிடம் காட்டினீர்களா? பந்தயக் குதிரைகளில் இரைப்பைப் புண் மிகச் சாதாரணம். தானியத்தைக் குறைத்து, உலர்புல்லைக் கூட்டி, பகலில் பல மணி நேரம் திறந்த வெளியில் விட்டும் மாறவில்லை என்றால் மட்டும் மற்றதைப் பேசுங்கள்.

இளஞ்சவாரி:
ஐயா, போன மாதம்தான் பல் ராவப்பட்டது, சேணமும் மாற்றப்பட்டது. மருத்துவர் நோய் எதுவும் இல்லை என்கிறார். தானியத்தை இன்று முதல் குறைக்கிறேன்.

வெண்குளம்பு:
வார்ப்பிடி சொல்லும் முறையை என்னுடைய பெட்டைக் குதிரையிடம் மூன்று மாதம் விடாமல் செய்தவன் நான். விளைவு என்ன தெரியுமா? அடுத்த கேன்டர் எப்போது என்று காத்திருந்து காத்திருந்து, நடையில்கூட அது தத்தித் தத்திக் குதிக்கத் தொடங்கியது. பதற்றம் பிறப்பதே நடை மாறும் இடத்தில்தான். அந்த இடத்திற்கு ஒரு நாளில் இருபது முறை குதிரையை அழைத்துச் செல்வது, நெருப்புக்கு அஞ்சுபவனை இருபது முறை அடுப்படியில் நிறுத்துவது போன்றது. வட்டத்தில் கவிழ்ந்து ஓடும் என்ற எச்சரிக்கையை ஏற்கிறேன்; அப்படியானால் வட்டத்தைப் பெரிதாக்குங்கள், ஓட்டத்தை ஏன் நறுக்க வேண்டும்?

வார்ப்பிடி:
ஒரு கேள்வி. உங்கள் பெட்டையை எப்போதும் ஒரே மூலையில்தான் கேன்டருக்குக் கேட்டீர்களா? அப்படியென்றால் அது கற்றுக்கொண்டது அந்த மூலையை. இளஞ்சவாரியிடமும் கேட்கிறேன்: கேன்டருக்கு முந்திய பத்து நொடிகளில் நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள்?

இளஞ்சவாரி:
இதற்குப் பதில் எனக்கே தெரியவில்லை என்பதால் நேற்று ஒரு நண்பரைக் காணொளி எடுக்கச் சொன்னேன். பார்த்தபோது வெட்கமாக இருந்தது. மூலையை நெருங்கும்போது வாரை ஒரு விரற்கடை சுருக்குகிறேன். தோள் முன்னால் சாய்கிறது. வாய் இறுக மூடிக்கொள்கிறது, மூச்சு விடுவதையே நிறுத்திவிடுகிறேன் போலும். குதிரையின் உள்பக்கக் காது சட்டென்று என் பக்கம் திரும்புகிறது, வால் ஒடுங்குகிறது, முதுகு சேணத்தின் அடியில் கல்லாகிறது. என் குதிகால் அதன் விலாவைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

வெண்குளம்பு:
மூன்று மாதமும் ஒரே மூலையில்தான் கேட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மைதானத்தின் அந்தப் பக்கம் மட்டுமே மேடுபள்ளம் இல்லாமல் இருந்தது.

வார்ப்பிடி:
அப்படியானால் முதல் வேலை கேன்டரே அல்ல. இளஞ்சவாரி, வாரைச் சுருக்குங்கள், காலைப் பின்னால் நகர்த்துங்கள், மூலையைக் கடந்து நடந்தே போய்விடுங்கள். மறுமுறை அதே ஆயத்தம், அதன்பின் ஒரு சிறு வட்டம். அதற்கடுத்து, நின்று கழுத்தைத் தடவிக்கொடுங்கள். காது திரும்பாத நாள் வரும் வரை கேன்டர் வேண்டாம். இரண்டு வாரமானாலும் பரவாயில்லை.

வெண்குளம்பு:
முன்பாதி பொன்னான யோசனை. ஆனால் இரண்டு வாரம் கேன்டரை அறவே ஒதுக்குவதை ஏற்க மாட்டேன். சக்தியை அடக்கி வைத்த குதிரை முதல் வாய்ப்பில் அதையெல்லாம் சேர்த்துக் கொட்டும். மற்றொன்று, சேணத்தில் அழுந்தி உட்காருங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதுகுத்தசை மெலிந்த குதிரையில் அப்படி உட்கார்ந்தால் அது மேலும் குழிந்து ஓடும்.

வார்ப்பிடி:
பந்தயக் குதிரையிடம் இருக்கையை விட்டு எழுந்து முன்னால் குனிவது வேகமாக ஓடு என்பதற்கான அறிகுறி என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். எடை லேசாக இருக்கலாம். தோள் மட்டும் இடுப்புக்கு முன்னால் போகக் கூடாது.

இளஞ்சவாரி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முதல் ஆறு நாள் ஆயத்தம் மட்டும் செய்தேன். ஏழாம் நாள், மூலையிலிருந்து தள்ளி, எட்டுகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே (எண்ணினால் மூச்சை அடக்க முடியாது) இடப்பக்கமாகச் சுற்றும்போது கேன்டருக்குக் கேட்டேன். ஒன்பதாம் எட்டில் சீறல் வந்தது. ஆறோடு நிறுத்தவும் இல்லை, வேலி வரை விடவும் இல்லை, சீறியதும் டிராட்டுக்குக் கேட்டேன், வந்துவிட்டது. வலப்பக்கம் மட்டும் இன்னும் பறக்கிறது.

லாயத்தான்:
ஒரு பக்கம் மட்டும் என்றால் இடுப்பையும் பின்காலையும் மறுபடி காட்டுங்கள். அதுவரை வலப்பக்கம் டிராட்டோடு போதும்.